வாசிக்காமல் விட்ட பதினொரு பக்கங்கள்

அப்பாவின் வலது கைச் சுட்டுவிரல் நடு மூட்டோடு முடிந்துவிடுகிறது. கார்க் கதவில் நசிந்து போனது என்றுதான் கனடாவில், ஸ்காபரோவில் எங்களைத் தெரிந்த எல்லோரும் சொல்லுவார்கள். அது பொய். அந்தப் பொய்யை முதலில் சொன்னவள் நான்தான். இப்போது எனக்கு இருபத்தொரு வயது, பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். உண்மையில் நடந்ததை எழுதிவைக்கட்டுமா என்று போன மாதம் அப்பாவிடம் கேட்டேன்.

"எழுதன்" என்றார். "ஆனா கொம்பனிக்கு அனுப்பிப் போடாதை."

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவுக்கு எட்டு வயதில் மாட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். பதினெட்டு வயதில் வன்னியில் ஒரு கமக்காரர் தன்னுடைய ட்ரக்டரை ஓட்டக் கொடுத்தார். புத்தகத்தை ஒருவரும் கொடுக்கவில்லை. கையெழுத்து வைக்கச் சொன்னால் அம்மா இன்றைக்கும் முதலில் பெருவிரலைத்தான் நீட்டுவார். கனடாவுக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. அடுத்த வருடமே வீட்டுக்கு வரும் கடிதங்களை எல்லாம் நான் வாசிக்கத் தொடங்கிவிட்டேன். வாடகை ஒப்பந்தம், வைத்தியசாலைக் கடிதம், லோயர் அனுப்பும் கட்டுக்கட்டான காகிதங்கள் எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் வாசித்து முடிக்கும்வரை அப்பாவும் அம்மாவும் சாப்பாட்டு மேசையில் என் வாயையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கிடைத்த எந்தப் பரிசும் எனக்கு அவ்வளவு பெருமையைத் தரவில்லை. அந்தப் பெருமையை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருடம் அது. ஊரில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்கச் சண்டையில் இடம்பெயர்ந்து வன்னிப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. இங்கே தமிழ் வீடுகளில் ரெலிபோன் மணி அடித்தாலே எல்லோரும் எழும்பி நிற்பார்கள். அந்த வருடம் செப்டெம்பரில் அப்பாவுக்கு மோர்னிங்சைட்டில், ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள் கட்டிய ஒரு ரவுன்ஹவுஸ் வளாகத்தில் பராமரிப்பு வேலை கிடைத்தது. புல் வெட்டுவது, குப்பைப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போய் வைப்பது, குளிர்காலத்தில் உள்வீதிகளில் ஸ்னோ தள்ளுவது. வேலையோடு அந்த வரிசையின் கடைசி வீட்டையும் இருக்கத் தந்தார்கள். அதுவரை நாங்கள் இன்னொரு குடும்பத்தோடு நிலத்துக்குக் கீழே ஒரு பேஸ்மென்றில், நடுவில் சீலை கட்டிப் பிரித்துக்கொண்டு இருந்தவர்கள். புது வீட்டில் எனக்கென்று ஒரு அறை இருந்தது. அதற்கு ஜன்னலும் இருந்தது. அம்மா முதல் கிழமை முழுக்கக் குசினி அலுமாரிக் கதவுகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அந்த வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்பியது நான். ஆங்கிலத்தில் எழுதிய அறிவுறுத்தல்களை வாசித்து விளங்கிக்கொள்வீர்களா என்று ஒரு கேள்வி இருந்தது. நான் ஆம் என்ற பெட்டியில் அடையாளம் போட்டேன்.

"உதில என்ன போட்டனி?" என்று அப்பா கேட்டார்.

"இங்கிலிஸ் வாசிப்பீங்கள் எண்டு போட்டன்."

"எனக்குத் தெரியாதே பிள்ளை."

"எனக்குத் தெரியும்தானே அப்பா."

அவர் சிரித்தார். "அப்ப, அப்பனும் மகளும் ஒரு ஆளெண்டு எழுதிப்போட்டாய்." பிறகு நான் பழக்கிவைத்த ஆங்கிலக் கையெழுத்தைக் கீழே வைத்தார். அந்தக் கையெழுத்தை அவர் விளம்பரக் காகிதங்களின் ஓரங்களில் எழுதி எழுதிப் பழகியிருந்தார். சுட்டுவிரலால் பேனையை அளவுக்கு மிஞ்சி அழுத்துவார். மறுபக்கத்தில் எழுத்துத் தட்டுப்படும்.

வேலையில் முதல் மூன்று மாதம் பரீட்சைக் காலம் என்று சொல்லியிருந்தார்கள். அது முடிகிற நேரம் வளாகத்தை நடத்தும் கொம்பனியின் மனேச்சர் வந்தார். வெள்ளைக்காரர், உயரமானவர், நல்ல மனிசன் என்றுதான் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரமாக இருந்ததால் அவர் சொன்னதை அப்பாவுக்குச் சொன்னேன். திங்கட்கிழமை ஸ்னோ கொட்டும் என்று வானிலையில் சொல்கிறார்கள். அன்று காலை எட்டு மணிக்கு அவர் வருவார். ட்ரக்டரில் ஸ்னோ பிளேட் பூட்டியிருக்க வேண்டும், அப்பா ஓட்டிக் காட்ட வேண்டும். அது சரிவராவிட்டால் ஸ்னோ வேலையை வெளியாட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படிக் கொடுத்தால் வளாகத்தில் முழுநேரமும் இருக்க ஒரு ஆள் தேவையில்லை.

முழுநேர ஆள் இல்லை என்றால் கடைசி வீடும் இல்லை. அதை அவர் சொல்லவில்லை. நானும் அம்மாவுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று இரவு அம்மா அலுமாரிக் கதவுகளைத் தொடவில்லை.

அந்த ட்ரக்டர் வளாகத்தின் பின்பக்கம் இருந்த தகரக் கொட்டிலில் நின்றது. புல்வெட்டும் மிசினைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அப்பா அதை முதல் நாள் பார்த்துவிட்டு, "உது ட்ரக்டரோ, ட்ரக்டர் போட்ட குட்டியோ?" என்று கேட்டார். அதன் முன்பக்கத்தில் இரண்டு இரும்புக் கைகள் நீட்டிக்கொண்டு இருந்தன. அந்தக் கைகளின் நுனியில் மண் அள்ளும் வாளி. குளிர்காலத்தில் வாளியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பிளேட்டைப் பூட்ட வேண்டும். பிளேட் என்பது ஒரு ஆள் நீளத்தில் வளைந்த கனமான இரும்புத் தகடு. அதன் முதுகில் கீழே இரண்டு, மேலே இரண்டாக நாலு இடத்தில் காதுகள் மாதிரித் துளைகள் இருக்கும். ட்ரக்டரின் துளையும் பிளேட்டின் துளையும் நேரே வரும்போது பெருவிரல் மொத்தமான இரும்பு ஆணியைச் செருக வேண்டும். நாலு ஆணி, அவ்வளவுதான் வேலை.

"ஊரில நான் பெட்டி பூட்டாத நாளே?" என்றார் அப்பா. பெட்டி என்பது நெல்லு மூட்டை ஏற்றும் இழுவைப்பெட்டி. அதை ட்ரக்டரோடு கொழுவுவதும் ஒரு ஆணியால்தான். அதற்கு வன்னியில் ஒரு முறை இருந்தது. ஒருவர் ட்ரக்டரை மெல்லப் பின்னுக்கு எடுப்பார். மற்றவர் பெட்டியடியில் குனிந்து நின்று சுட்டுவிரலைத் துளைக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு துளையும் ஒன்றுக்கொன்று நேரே வந்ததை விரல் சொல்லும். விரலை எடுத்த அதே வீச்சில் ஆணியைப் போடுவார். அப்பா அப்படி ஆயிரம் தடவை செய்திருப்பார். அங்கே ஆசனத்தில் இருந்தவர் அவரோடு பத்து வருடம் வேலை செய்தவர். அங்கே வெய்யில். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் யோசனைக்கு வந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிபோல நானும் அப்பாவும் கொட்டிலுக்குப் போனோம். மூச்சு வெள்ளையாக வந்தது. ட்ரக்டரின் கைநூல் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுச் சுவர் ஆணியில் தொங்கவிடப்பட்டிருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு கவிழ்த்த தண்ணி வாளி ஒன்றில் இருந்தேன். முன்பக்கத்தில் பதினொரு பக்கம் முழுக்க எச்சரிக்கைகள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு முக்கோணம், அதற்குள் ஒரு ஆச்சரியக்குறி, கீழே பொடி எழுத்துகள். நான் அவற்றைப் புரட்டித் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போனேன்.

அப்பா அதைக் கண்டுவிட்டார். "முன்னுக்கு உவ்வளவு கிடக்குது. அதில என்ன?"

"அது சும்மா அப்பா. குடிச்சிட்டு ஓட்டாதேங்கோ, சின்னப் பிள்ளையளை ஏத்தாதேங்கோ எண்டு. எல்லாப் புத்தகத்திலயும் போடுறவங்கள். விசர்க் கதை."

"வாசிச்சனியோ?"

"ஓம்."

நான் வாசிக்கவில்லை.

"கொண்டா, படத்தையாவது பாப்பம்" என்று அவர் கையை நீட்டினார். கை முழுக்கக் கிறீஸ்.

"உங்கட கை ஊத்தை, புத்தகம் பழுதாப் போயிடும். நான் சொல்லுறன்தானே" என்று புத்தகத்தை மடியோடு இழுத்துக்கொண்டேன். அவர் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, "சரி, சொல்லு" என்றார்.

பக்கத்து வீட்டு அங்கிள் தேத்தண்ணிக் கோப்பையோடு கொட்டில் வாசலில் வந்து நின்றார். மட்டக்களப்புக்காரர். வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாத மனிசன்.

"என்ன அண்ணே, புள்ளய இருத்தி மந்திரம் ஓதுறீங்களா?"

"ஓம், நீர் வந்து தேங்காயை உடையும்" என்றார் அப்பா.

"உடைச்சா உங்கட கொம்பனிக்காரன் அதுக்கும் ஒரு ஃபோம் நிரப்பச் சொல்லுவான். புள்ள நிரப்பிரும், அது வேற கதை." என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "உங்கட அப்பாக்கு ட்ரக்டர் ஓட்டப் படிப்பிக்கிற அளவுக்கு வந்துட்டா, ம்?"

நான் முகத்தை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது. அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, குளிர் தாங்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

முதல் வேலைகள் எல்லாம் சரியாகவே நடந்தன. அப்பா எஞ்சினைப் போட்டு, வாளியை நிலத்தில் படுக்க வைத்து, எஞ்சினை நிற்பாட்டினார். நான் வாசித்தபடி லீவரை முன்னும் பின்னும் ஆட்டி எண்ணெயின் அழுத்தத்தை விட்டார். துருப்பிடித்த ஆணிகளைச் சுத்தியலால் தட்டி எடுத்தார். ட்ரக்டரை ஓட்டிப்போய் இரும்புக் கைகளைப் பிளேட்டின் கீழ்க் காதுகளுக்குள் அவர் விட்டதைப் பார்க்க வேண்டும், நூலை ஊசிக்குள் விட்ட மாதிரி. எஞ்சினை நிற்பாட்டி, இறங்கிப் போய்ச் சுட்டுவிரலை விட்டுப் பார்த்தார், எடுத்தார், ஆணியைப் போட்டார். மற்றப் பக்கமும் அப்படியே. எஞ்சின் நின்றுகொண்டிருந்ததால் அதில் ஆபத்து இருக்கவில்லை. கீழ் இரண்டு ஆணியும் பூட்டியாயிற்று.

மேல் இரண்டும் வேறு மாதிரி. வாளியை மேலும் கீழும் சாய்ப்பதற்கு ட்ரக்டரில் இரண்டு தண்டுகள் இருக்கும். உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தத்தில் அவை நீளும், குறுகும். அந்தத் தண்டுகளின் நுனித் துளை பிளேட்டின் மேல் துளையோடு சேர வேண்டும். எஞ்சின் ஓடினால்தான் தண்டு அசையும், ஒருவர் ஆசனத்தில் இருந்து லீவரைத் தள்ளவும் வேண்டும். அப்பா ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க ஏலாது.

"ஏறு பிள்ளை" என்றார்.

நான் ஏறினேன். மடியில் புத்தகம். அவர் எஞ்சினைப் போட்டுவிட்டு லீவரைக் காட்டினார். "இந்தப் பக்கம் தள்ளினால் நீளும். நான் 'ஓம்' எண்டால் தள்ளு. 'காணும்' எண்டால் விட்டிடு. விளங்குதோ?"

"விளங்குது."

அவர் முன்னுக்குப் போய் இடப்பக்கத் தண்டுக்குப் பக்கத்தில் குனிந்தார். இடது கையில் ஆணி. வலது கைச் சுட்டுவிரலைப் பிளேட்டின் துளைக்குள் விட்டார். "ஓம்" என்றார்.

நான் தள்ளினேன். ஒன்றும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். எஞ்சின் முனகியது, தண்டு அப்படியே நின்றது. குளிரில் எண்ணெய் தடித்துப்போயிருந்தது. இன்றைக்கு எனக்கு அது தெரியும். அன்றைக்கு நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு ஒரு லீவரைத் தள்ளத் தெரியவில்லை என்று அப்பா நினைத்துவிடக் கூடாது. லீவரை முழுக்கத் தள்ளினேன்.

தண்டு ஒரே பாய்ச்சலாக வந்தது. அப்பா "காணும்" என்று சொன்னது அதற்குப் பிறகு.

அவர் கத்தவில்லை. குனிந்தபடியே நின்றார். நான் லீவரை விட்டுவிட்டேன். தண்டு வந்த இடத்தில் நின்றது. அவருடைய விரல் இரண்டு இரும்புக்கும் நடுவில் இருந்தது. என்னுடைய கை லீவரைவிட்டு எங்கேயோ போய்விட்டது, அதைத் திருப்பிக் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

"பிள்ளை" என்றார், மிகவும் மெதுவாக, எனக்கு அடிபட்ட மாதிரி. "பயப்பிடாதை. மற்றப் பக்கம் இழு."

இழுத்தேன். மறுபடியும் எண்ணெய் வரவில்லை. லீவர் என் நெஞ்சோடு வந்துவிட்டது, தண்டு அசையவில்லை. நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய நீல ஜக்கெற், தோளில் அம்மா போட்ட தையல். எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. அப்பா பத்துச் செக்கனும் இல்லை என்கிறார். நான் அதை நம்பவில்லை.

தண்டு பின்னுக்குப் போனபோது அவர் கையை எடுத்து மற்றக் கையால் பொத்திக்கொண்டார். முதலில் செய்தது என்னவென்றால், வந்து எஞ்சினை நிற்பாட்டியது. பிறகுதான் நிலத்தில் இருந்தார்.

நான் கூப்பிட்ட சத்தத்துக்கு அம்மா துவாயோடு ஓடிவந்தார். ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. துவாயைச் சுற்றி, இறுக்கி, தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இஞ்சேருங்கோ, என்னைப் பாருங்கோ, கையைப் பாக்காதேங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அங்கிளின் கதவை இடித்தேன். அவர் செருப்போடேயே வந்து காரை எடுத்தார்.

விரலின் மேல்பகுதியைக் காப்பாற்ற முடியாது, நசிந்துவிட்டது என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். அதை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவளும் நான்தான். சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு அந்த இளம் டொக்டர் காகிதம் செருகிய ஒரு மட்டையை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார்: "இது வேலை செய்யும்போது நடந்ததா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும். முந்தின வீட்டில் இருந்தபோது தெரிந்தவர்கள் இரண்டு பேருக்கு வேலையில் காயம்பட்டவர்களுக்கான ஃபோமை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஆம் என்றால் கொம்பனிக்குக் கடிதம் போகும். மிசினை இயக்கியது யார் என்று கேட்பார்கள். கைநூலை வாசித்தாரா என்று கேட்பார்கள். விண்ணப்பத்தை எடுத்துப் பார்ப்பார்கள். டொக்டர் அப்பாவைத்தான் பார்த்துக் கேட்டார். அப்பா வழக்கம்போல என் வாயைப் பார்த்தார். அவருக்கு அந்தக் கேள்வியைச் சொல்லாமலே நான் பதில் சொன்னேன்.

"இல்லை. கார்க் கதவு."

டொக்டர் எழுதிக்கொண்டு போனார்.

"என்ன கேட்டவர்?" என்றார் அப்பா.

"எப்பிடி நடந்ததெண்டு."

"என்ன சொன்னனி?"

"கார்க் கதவில நசிஞ்சதெண்டு."

அவர் மேலே வெளிச்சத்தைப் பார்த்தார். "சரி" என்றார். "வீடு போகாது."

அன்றைக்கு யாராவது என்னைக் கேட்டிருந்தால், வீட்டுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று சொல்லியிருப்பேன். வீடும் ஒரு காரணம்தான். ஆனால் லீவரைப் பிடித்திருந்தது யார் என்ற கேள்வி வராமல் இருந்ததில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

வெளியே கதிரையில் இருந்த அங்கிளுக்கு நான் சொன்னது கேட்டிருந்தது. "எண்ட காரா புள்ள?" என்றார் இரகசியமாக. "நான் வரக்குள்ளயே விரல் போயிட்டே."

நான் அழத் தொடங்கினேன். அதுவரை அழவில்லை. அவர் கையை விசுக்கினார். "சரி சரி. கேட்டா எண்ட கார்தான். கதவு சரியில்லாத கார். நான் சொல்லுறன் எல்லாருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பிளேட் இன்னும் கீழ் இரண்டு ஆணியில்தான் நின்றது. மேல் இரண்டும் பூட்டவில்லை. மனேச்சர் வர ஒரு நாள். அப்பா கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொட்டிலுக்கு வெளிக்கிட்டார். அம்மா தடுக்கவில்லை, கூடவே வந்தார்.

நான் அதற்கு முதல் என் அறையில் இருந்து அந்தப் பதினொரு பக்கத்தையும் வாசித்து முடித்திருந்தேன். நாலாம் பக்கத்தில் எழுதியிருந்தது: கடும் குளிரில் லீவரைத் தொட முன்னர் எஞ்சினைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு எண்ணெயைச் சூடாக்கவும், இல்லாவிட்டால் தண்டுகள் பிந்தி அசையும், திடீரென்று பாயும். ஒன்பதாம் பக்கத்தில் எழுத்து ஒரு வரிதான். துளைகள் நேராக உள்ளனவா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டாம், இரும்புக் கம்பியைப் பயன்படுத்தவும். அந்த வரிக்கு மேலே ஒரு படம். இரண்டு இரும்புத் துளை, நடுவில் ஒரு விரல், விரலின் மேல் குறுக்கும் மறுக்குமாகக் கோடிழுத்த கறுப்புப் புள்ளடி.

வாசிக்கத் தெரியாத ஆளுக்கும் விளங்குகிற படம். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகவே போட்ட படம். சனிக்கிழமை அவர் கையை நீட்டியபோது நான் புத்தகத்தைக் கொடுத்திருந்தால் போதும்.

அதை அவருக்குக் காட்டாமல் விடலாம் என்று நினைத்தேன். நாலாம் பக்கத்தை மட்டும் சொல்லி, எஞ்சினைச் சூடாக்கி, ஆணியைப் பூட்டிவிடலாம். அவருக்கு ஒருக்காலும் தெரியவராது. எங்கள் வீட்டில் நான் சொல்லாத ஒரு எழுத்தும் ஒருவருக்கும் தெரியவராது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்தேன். பிறகு அவருக்குப் பக்கத்தில் போய் முதல் பக்கத்தில் இருந்து சத்தமாக வாசித்துத் தமிழில் சொன்னேன். ஒன்பதாம் பக்கம் வந்ததும் புத்தகத்தை அவருடைய இடது கையில் கொடுத்தேன்.

அவர் கனநேரம் பார்த்தார்.

"உது விரல்தானே?"

"ஓம்."

"நேற்றும் உதில கிடந்ததோ?"

"ஓம் அப்பா. நான் வாசிக்கேல்லை. வாசிச்சனான் எண்டு பொய் சொன்னனான்."

அம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா ஏசியிருக்கலாம். அவர் ஏசுவார் என்றுதான் நான் நின்றேன். அவர் புத்தகத்தை முழங்காலில் வைத்து, இடது கையால் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"இதில என்ன சொல்லுது?"

பதினொன்றையும் முடித்தோம். எஞ்சினைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டோம். அப்பா ஆசனத்தில் இருந்து இடது கையைக் குறுக்கே நீட்டி லீவரைப் பிடித்தார். நான் எட்டி நின்று ஒரு இரும்புக் கம்பியைத் துளைக்குள் விட்டுப் பார்த்தேன். அவர் எஞ்சினை நிற்பாட்டிய பிறகுதான் கிட்டப் போய் ஆணியைப் போட்டேன். இடப்பக்கத் துளையை அம்மா முதலில் துணியால் துடைத்தார். துடைத்த துணியைச் சுருட்டித் தன் ஜக்கெற் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அதை என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை விடிய ஸ்னோ கணுக்கால் அளவுக்கு நின்றது. அம்மா ஒரு பெரிய கையுறையின் தையலைப் பிரித்து, கட்டுக்கு மேலால் போட்டுத் திரும்பத் தைத்திருந்தார். எட்டு மணிக்கு மனேச்சர் வந்தார். அப்பா ஓட்டிக் காட்டினார். லீவர் வலது கைப் பக்கம்தான் இருக்கிறது. அவர் அதைக் கையுறைக்குள் இருந்து உள்ளங்கையால் தள்ளினார். ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் அவருடைய தோள் காதுவரை எழும்பி இறங்கியது. மனேச்சர் பிளேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உள்வீதி கறுப்பாக வெளித்தெரிந்தது. "அருமை" என்றார்.

பிறகு ஒரு காகிதத்தை எடுத்து ட்ரக்டரின் முன் மூடியில் வைத்தார். மிசினின் பாதுகாப்பு அறிவுறுத்தல்களை வாசித்து விளங்கிக்கொண்டேன் என்று அதில் இருந்தது. நான் அப்பாவுக்குச் சொன்னேன்.

"அது சரிதானே" என்றார் அப்பா. "நேற்று வாசிச்சனாங்கள்தானே."

இடது கையில் பேனையைப் பிடித்து அந்தக் கையெழுத்தை வைத்தார். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சரிந்தது. மனேச்சர் அதைப் பார்க்காமலே மடித்து வைத்துக்கொண்டு கையைக் குலுக்க நீட்டினார். அப்பா இடது கையையே நீட்டினார். அவர் இடக்கைக்காரர் என்றுதான் அந்த மனிசன் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வீடு நிலைத்தது. அப்பாவும் அம்மாவும் இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். அப்பாவுக்குக் குளிர் தொடங்கினால் இல்லாத விரலின் நுனி கடுக்கும். சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுவார். கலியாண வீடுகளில் ஆட்கள் அங்கிளைப் பிடித்துக்கொள்வார்கள், "உம்மட காரில ஏறப் பயமாக் கிடக்குது ஐசே" என்பார்கள். அவர் சளைக்கமாட்டார். "ஓம், எண்ட கதவுக்கு வன்னி விரலெண்டாப் பசி" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார். நான் சாப்பாட்டு வரிசைப் பக்கம் போய்விடுவேன். அந்தக் காரை அவர் விற்று இரண்டு வருடமாகிறது. கதவில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

நவம்பர் வந்தால் பிளேட்டைப் பூட்ட வேண்டும். நான் பல்கலைக்கழகத்தில் இருந்து பஸ் எடுத்து வீட்டுக்கு வருவேன், சோதனை எழுதும் காலமாக இருந்தாலும் வருவேன். எஞ்சின் சூடாகும்வரை கொட்டிலுக்குள் இருந்து பதினொரு பக்கத்தையும் வாசிக்க வேண்டும். அது அப்பாவின் கட்டளை. அவருக்கு எல்லாம் பாடம், எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்பதுகூட. ஆனால் புத்தகத்தை அவர் என் கையில் தருவதில்லை. தன் முழங்காலில் வைத்து, நடுவிரலால் பிடித்துக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்து வாசிப்பேன். இந்த வருடமும் அப்படித்தான். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒன்பதாம் பக்கத்தைக் கொஞ்சம் கெதியாக வாசித்தேன்.

அவர் பக்கத்தைத் திருப்பவில்லை. நான் திரும்ப வாசித்தேன்.